பிஸ்கட் டப்பாவில் ஒரு பாடு

1

இன்று காலை எங்கள் கட்டிடத்தின் கீழ்க்கூடத்தில் சீட்டு குலுக்கினோம். நரைத்த தலையும் வழுக்கைத் தலையுமாகப் பேராசிரியர்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைச் சுற்றி நின்றுகொண்டு, அடுத்தவருக்கு எந்த நேரம் விழுகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். இதை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது எங்கிருந்து வந்ததென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஏதோ மேலாண்மைப் படிப்பில் சொல்லித்தரும் முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்காவது உண்மை தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. பழவேற்காட்டிலிருந்து படகேறிப் போகிற குப்பங்களில் ஒன்று என் ஊர். பொன்னேரியில் மின்சாரத் தொழில் படித்தேன். கப்பலில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தின் வடக்கு மூலையில் வந்து சேர்ந்தேன். அவர் வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பார். நானும் மகள் பவானியும் கரையில். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டிடத்தின் மின்சாரச் செலவைக் குறைப்பதற்கென்று என்னை வைத்திருக்கிறார்கள். பதவியின் பெயர் ஒரு முழ நீளம். அதை நைனாவுக்கு விளக்கப் போனேன்.

"அப்ப இன்னா, லைட்ட அமத்துற வேலையா?" என்றார்.

நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. எளாவூரைத் தாண்டினால் ஆந்திரா. சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்துவார்கள், பேச்சை யார் நிறுத்துவது?

2

கட்டிடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடலைப் பார்த்து நிற்கிற பழைய கல் கட்டிடம். பார்க்க அரண்மனை, உள்ளே போனால் ஐஸ் பெட்டி. ஜன்னல்களுக்கெல்லாம் ஒற்றைக் கண்ணாடி, மூடினாலும் ஓரத்தில் விரல் நுழைகிற சந்து. கீழ்த்தளத்தில் ஒரு கொதிகலன் ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அது கொடுக்கிற சூடு சந்து வழியாகக் கடலுக்குப் போய்விடும். "நாம் மீன்களுக்குக் குளிர் காய ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்" என்று என் மேலதிகாரி கிரெகரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதை அப்படியே அறிக்கையில் எழுதி மேலே அனுப்பிவிட்டார்.

மேலிடம் இரண்டில் ஒன்று என்று பதில் சொன்னது. ஒன்று, இதைப் பசுமைக் கட்டிடமாக மாற்று. முடியாவிட்டால் பூட்டு. மாற்றுவதற்குப் பணம் தர ஒரு நிதிக்குழு இருந்தது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கூரையில் சூரியத் தகடு, கொதிகலனுக்குப் பதிலாகக் கரண்டில் ஓடுகிற வெப்பப் பம்பு, எல்லாவற்றுக்கும் தருவார்களாம். ஆனால் ஒரு நிபந்தனை. தெருவிலிருந்து கட்டிடத்துக்கு வருகிற மின்கம்பி பழையது. புதுப் பம்புக்கும் அந்தக் கம்பியில்தான் கரண்ட் வரவேண்டும். ஆகவே கம்பியில் இடம் இருக்கிறது என்று முதலில் காட்டுங்கள் என்றார்கள். கூடத்தில் ஒரு பெரிய திரையை மாட்டி, கட்டிடம் அந்த நிமிஷம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டி, அதில் ஒரு சிவப்புக் கோடும் போட்டார்கள். குளிர்காலம் முடிகிறவரை அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு தடவை மன்னிப்பு. மூன்றாம் தடவை தாண்டினால் விண்ணப்பம் குப்பைக்கு.

கட்டிடம் பூட்டினால் பேராசிரியர்களுக்கு வேறு கட்டிடம் கிடைக்கும். எனக்கு? இந்தக் கட்டிடத்துக்கென்றே கொடுத்த வேலை இது. கதவோடு சேர்த்து என்னையும் பூட்டிவிடுவார்கள். பவானிக்குப் பள்ளிப் படிப்பு இன்னும் முடியவில்லை. வீட்டு வாடகை என் சம்பளத்திலிருந்துதான் போகிறது. நிபந்தனையை மறுபடி மறுபடி எடுத்துப் படித்தேன்.

நைனாவுக்கு இதில் சூரியத் தகடு மட்டும்தான் மனதில் நின்றது.

"வெயிலே இல்லன்னு அழுவுற. அந்த ஊர்ல வெயில்ல கரண்ட் எடுக்கப் போறீங்களா? எவன்மா அது, யோசன சொன்னவன்?"

"நான்தான் நைனா."

"சர்தான்" என்றார்.

3

கரண்டை இழுப்பவர்கள் பேராசிரியர்கள்தான். ஒவ்வொருவரிடமும் ஒரு ராட்சசன் இருந்தான். மேல்மாடியில் டங்கன். கல்லைச் சுட்டு அதன் வயதைக் கண்டுபிடிப்பவர். அவருடைய உலை சூடேறும்போது மாடியே முனகும். நடுமாடியில் ஃபியோனா. கடற்பாசி வளர்க்கிறவர். தொட்டி தொட்டியாகப் பாசி, அதன் மேல் கல்யாண மண்டபம்போல விளக்கு. மற்றவர்களிடம் அடுப்பு, சுழலும் இயந்திரம், ஆவியுறிஞ்சி என்று இன்னும் பல. எல்லோரும் காலை பத்து மணிக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டி, காபி குடித்துவிட்டு ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவார்கள்.

நேரம் மாற்றிப் போடுங்களேன் என்று தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். "மிகவும் சுவாரஸ்யமான யோசனை" என்று எல்லோரும் பதில் போட்டார்கள். வந்த புதிதில் இப்படிப் பதில் வந்தால் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைப்பேன். பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் அதற்கு 'போய் வேலையைப் பார்' என்று அர்த்தம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல இவர்களுக்கு வாய் வராது.

கிரெகர் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார். அங்கே நடந்ததை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர்கள் படிக்கப்போவதில்லை, எனக்கும் கை சரளமாக வரும்.

"என் உலை நா வந்ததுலர்ந்து காலீலதான் எரியுது. இப்போ வந்து மாத்துன்னா இன்னா அர்த்தம்?" என்றார் டங்கன்.

"உன் கல்லு கோடி வருசமா அப்டியே கீது. மத்தியானம் வரைக்கும் தாங்காதா? என் பாசிக்கு உசுரு கீதுய்யா!" என்றார் ஃபியோனா.

"பாசிக்கு உசுரு கீது, எனக்கு இல்லியா?"

கிரெகர் மேஜையைத் தட்டினார். யாரும் திரும்பவில்லை. இதே சண்டையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கைலி, இங்கே கோட்டு, அவ்வளவுதான்.

எங்கள் ஏரியில் இறால் நிறைய வருகிற இடங்கள் கொஞ்சம். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் ஒருவருக்கும் ஒன்றும் தேறாது, மண்டைதான் உடையும். அதனால் ஊர் கூடி, கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்து, சீட்டு குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. உன் நாள் வந்தால் அந்த இடத்துக்கு நீ ராஜா. மற்றவன் அந்தப் பக்கம் படகைக்கூடத் திருப்பக்கூடாது. திருட்டுத்தனமாக வலை கட்டினால் பஞ்சாயத்து, அபராதம், அதற்கு மேல் மானக்கேடு.

பாடு சீட்டில் ஆம்பளைகள் பெயர் மட்டும்தான் இருக்கும். அதுவும் கல்யாணமானவர்கள். என் நைனாவுக்கு நாங்கள் மூன்று பேரும் பெண்கள். "உனக்கப்பறம் உன் பாடு ஊருக்குத்தான்யா" என்று சீட்டு எடுக்கிற அன்றைக்கு யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நைனாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு யாரோடும் பேசமாட்டார். நான் மீன் கூடையோடு தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். சட்டதிட்டம் எனக்கு அத்தனையும் மனப்பாடம். யாரும் என்னைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, "சீட்டு குலுக்கலாமா?" என்றேன். சண்டை பட்டென்று நின்றது. யாரும் 'சுவாரஸ்யமான யோசனை' என்று சொல்லவில்லை. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

4

ஒரு வேளைக்கு இத்தனை இயந்திரம்தான் என்று சிவப்புக் கோட்டை ஒட்டி நெருக்கமாகக் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு சீட்டு எழுதி, மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டேன். ஒரு வேளையைச் சொல்லி ஒரு சீட்டை எடுத்தால், யார் பெயர் வருகிறதோ அந்த வேளை அவருக்கு. மாதிரிகள் கெட்டுப்போகக்கூடாதென்று உறைபெட்டிகளுக்கு மட்டும் விலக்கு.

ஒரு வாரத்தில் கட்டிடம் எங்கள் குப்பமாக மாறிவிட்டது. எதிர்ப்பட்டால் வணக்கம்கூடச் சொல்லாதவர்கள் மாடிப்படியில் பேரம் பேசினார்கள். "உன் புதன்கிழமை காலைய எனக்குக் குடு, என் வெள்ளி சாயங்காலத்த வச்சிக்கோ." டங்கன் தன் முறை வராத நாளில் ஃபியோனாவின் அறை வாசலில் நின்று, உண்மையில் விளக்கு எரிகிறதா, முறையை வீணடிக்கிறாரா என்று வேவு பார்த்தார். இரண்டாவது குலுக்கலிலும் ஃபியோனாவுக்கே நல்ல நேரம் விழுந்ததும் பெரிய ரகளை. சீட்டை மடித்ததில் ஏதோ தில்லுமுல்லு என்றார் டங்கன். வேறு வழியில்லாமல் நைனாவுக்குப் போன் போட்டேன்.

"மடிக்கிறவன் எடுக்கக்கூடாது, எடுக்குறவன் மடிக்கக்கூடாது. இதுகூடத் தெரியாதா? எல்லாம் படிச்சவங்களா அவங்க?"

"ரொம்பப் படிச்சவங்க நைனா."

"அப்ப உஷாரா இரு."

பக்கத்தில் பவானி இருந்தாள். பள்ளியில் அவளை 'பாவ்' என்று கூப்பிடுகிறார்கள். பெரியபாளையத்து பவானியம்மன் பெயரை வைத்தால் அது பாவ் பாஜியில் வந்து நிற்கிறது. பூமியைக் காப்பாற்றுகிற சங்கத்தில் அவள் செயலாளர். நான் வெந்நீரில் இரண்டு நிமிஷம் கூட நின்றால் குளியலறைக் கதவைத் தட்டுவாள். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கடல் கடந்து வந்த களைப்போடு வரும். போனைப் பிடுங்கிக்கொண்டு அவள் கேட்டாள்:

"தாத்தா, பாடு லிஸ்ட்ல ஏன் அம்மா பேர் இல்லை?"

"அது... பொம்பளைங்க பேரு போட மாட்டாங்க கண்ணு."

"ஏன்?"

"சிக்னல் சரியில்ல" என்று நைனா வைத்துவிட்டார். அன்றைக்கு சிக்னல் கண்ணாடிபோல இருந்தது.

5

குளிர் நன்றாக இறுகிய சமயத்தில் ஒருநாள் கோடு தாண்டியது. மத்தியானம் பன்னிரண்டரை மணி தாண்டி, நான் வெளிவாசல் கேட்டுக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்து பார்த்தால் திரை சிவப்பாக இருந்தது. பத்து நாளைக்குள் மறுபடியும் அதே சமயம், அதே சிவப்பு. இரண்டு மன்னிப்பும் தீர்ந்துபோனது.

யாரோ முறையில்லாத நேரத்தில் திருட்டு வலை கட்டுகிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை, டங்கன்தான். பன்னிரண்டரைக்கு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். அவர் மட்டும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உலைக்குப் பக்கத்திலேயே நிற்பார். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. வேலை போனால் என்ன செய்வது, எந்த ஊருக்குப் போவது என்று உருண்டுகொண்டிருந்தேன். ஒரு கிழவரின் கல்லுக்காக என் பிழைப்பு போகவேண்டுமா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பஞ்சாயத்து வை" என்றார் நைனா. "எல்லாரையும் நிக்க வை. அத்தினி வலையயும் அவுக்கச் சொல்லு. அப்பறமும் எவன் எடத்துல மீனு துள்ளுதுன்னு பாரு."

நல்ல யோசனை. நான் வைத்தேன்.

6

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். உறைபெட்டி தவிர எல்லா இயந்திரத்தையும் அணைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். கிரெகரை மாடி மாடியாக அனுப்பிச் சரிபார்த்தேன். திரையில் எண் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நான் நடுவில் நின்று பேசினேன். நம்பிக்கை என்றால் என்ன, முறை என்றால் என்ன என்று பெரிய பிரசங்கம். பேசும்போது டங்கனையே பார்த்தேன். மனுஷன் கண்ணை இமைக்கவில்லை. எத்தனை நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

"யார் என்று சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும்" என்று முடித்தேன்.

அப்போது திரையில் எண் துள்ளியது.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தனை பேரும் இங்கே இருக்கிறார்கள், மேலே ஒரு இயந்திரமும் ஓடவில்லை. மணி பன்னிரண்டரை. எண் இறங்கவில்லை, அதே இடத்தில் கெட்டியாக நின்றது.

"பேயா?" என்றார் ஃபியோனா.

கிரெகர் மறுபடி மாடிக்கு ஓடி, கையை விரித்துக்கொண்டு திரும்பி வந்தார். டங்கன் மட்டும் மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தார். ஒருமுறை, இன்னொருமுறை.

"யாரோ சோறு ஆக்குறாங்க" என்றார்.



என் அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. கொதிகலனுக்குப் பக்கத்து அறைதான், ஆனால் அந்தச் சூடு எனக்கு எட்டியதே இல்லை. பழவேற்காட்டு உடம்பு, என்ன செய்யும்? மேஜைக்கு அடியில் ஒரு ஹீட்டர் வைத்திருந்தேன். குளிர் அதிகமான நாட்களில் அதன் இரண்டாவது பொத்தானையும் தட்டிவிடுவேன். இங்கத்து ரொட்டி எனக்கு வயிற்றில் நிற்காது. அதனால் ஒரு மின்சாரச் சோற்றுப் பானை. காலையில் அரிசியைக் கழுவிப் போட்டு, பன்னிரண்டரைக்குத் தானாகப் பற்றிக்கொள்கிற மாதிரி நேரம் வைத்துவிட்டு மேலே வந்துவிடுவேன்.

முன்னால் டங்கன், பின்னால் எல்லோரும். படியிறங்கிப் போனோம். கதவைத் திறந்ததும் வெந்நீர்ச் சூடு முகத்தில் அடித்தது. கட்டிடத்திலேயே கதகதப்பான அறை அதுதான் போலிருக்கிறது. சோற்றுப் பானை மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஹீட்டரில் இரண்டு பொத்தானும் சிவந்திருந்தன.

டங்கன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"கால்... குளிருதுங்க" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது.

ஐயோ, அந்த நிமிஷம் தரை பிளந்து உள்ளே போயிருந்தால் நிம்மதி. அத்தனை ஆய்வகத்துக்கும் எழுதிய கையால் என் அறைக்கு ஒரு சீட்டு எழுதவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, சத்தியமாகத் தோன்றவே இல்லை. பாடு என்றால் நான் தள்ளி நின்று பார்க்கிறவள். அதில் எனக்கும் ஒரு சீட்டு உண்டு என்று எந்தக் காலத்தில் யார் எனக்குச் சொன்னார்கள்? கோட்டை ஒட்டிப் போட்ட கணக்கில் நான் இல்லவே இல்லை. என் சோறுதான் இரண்டு தடவை கோட்டைத் தாண்டியிருக்கிறது.

"உங்களத்தான் திருடன்னு நெனச்சேன்" என்று டங்கனிடம் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

"தெரியும். என்னையே பாத்துகினு பேசுன. நா ஃபியோனான்னு நெனச்சேன்" என்றார்.

"நா உன்னயத்தான் நெனச்சேன்" என்றார் ஃபியோனா.

முதலில் கிரெகர் சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு அந்தச் சின்ன அறையில் எல்லோரும் சிரித்தார்கள். வெளியே போக ஒருவருக்கும் மனமில்லை, அறை அத்தனை கதகதப்பு.

அபராதம் உண்டா என்று டங்கன் கேட்டார். உண்டு, எல்லோரும் கூடிச் சொல்வதுதான் என்றேன். ஊர் அங்கேயே கூடிப் பேசியது. எல்லோருக்கும் ஒருநாள் சோறும் மீன்குழம்பும் போடவேண்டும், அதுவும் என் முறையில் மட்டுமே ஆக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. முறைக்கு எங்கே போவது? ஃபியோனா ஒரு காகிதத்தைக் கிழித்து என் பெயரை எழுதினார். பதவியின் பெயரை இல்லை, என் பெயரை. மடித்து மற்ற சீட்டுகளோடு டப்பாவில் போட்டார். மடித்தவர் எடுக்கக்கூடாதே, அதனால் டங்கன் எடுத்தார். எனக்கு வியாழக்கிழமை மத்தியானம் விழுந்தது.

7

அதற்குப் பிறகு கோடு தாண்டவில்லை. ஹீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு ஜோடிக் காலுறையோடு குளிர்காலத்தைத் தள்ளினேன். மற்ற நாளெல்லாம் எனக்கு இங்கத்து ரொட்டி, வியாழனுக்கு வியாழன் சுடுசோறு. நிதி கிடைத்தது. புது ஜன்னல் வந்துவிட்டது. காற்று இப்போது வெளியே நின்று ஊளையிடுகிறது. வெப்பப் பம்பும் வந்துவிட்டது, என் கால் குளிரவில்லை. சூரியத் தகடுகள் கூரையில் மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன. கோடைக்கு அவையும் சம்பாதிக்கும், சொல்லிவைக்கிறேன். பம்பு வந்த பிறகு கம்பியில் மிச்ச இடம் கொஞ்சம்தான், ஆகையால் பாடு நிற்கவில்லை.

சீட்டு விழுந்த அன்று சாயங்காலமே நைனாவுக்குப் போன் செய்தேன். மானம் போன கதையைச் சொன்னால் திட்டுவார் என்று நினைத்தேன். அதனால் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

"நைனா, பாடு சீட்டுல என் பேரும் போட்டுட்டாங்க."

சிக்னல் என்று சொல்லி வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். பவானி என் தோளில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"உன் பேரா?"

"ஆமா நைனா."

"இன்னா நாளு?"

"வியாழக்கெழம."

"எவனாவது வந்து மாத்திக் கேப்பான். நைசா பேசுவான். குடுத்துறாத. உன் நாளு அது."

பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டே தெருவில் யாரையோ கூப்பிட்டு, "யோவ், எம் பொண்ணுக்குப் பாடு விழுந்துகீதுய்யா!" என்று கத்தினார். போனை அணைக்க மறந்துவிட்டார். தெருவிலே யார் யாரோ என்ன என்ன என்று கேட்பதும், அவர் மறுபடி மறுபடி அதையே சொல்வதும் எங்களுக்கு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று காலை குலுக்கலிலும் எனக்கு வியாழன்தான் விழுந்தது. கூட்டம் கலைந்த பிறகு டங்கன் மெல்லப் பக்கத்தில் வந்தார். ஒரு முக்கியமான கல் வந்திருக்கிறதாம். வியாழக்கிழமையை விட்டுக்கொடுத்தால் செவ்வாயும் வெள்ளியும் இரண்டையும் எனக்குத் தருகிறாராம்.

"மிகவும் சுவாரஸ்யமான யோசனை" என்றேன்.